கறுப்பு ஏன் பழுப்பாயிற்று

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் படங்களும் வந்தன. பண்டைய கிரேக்கப் பானைகளில் காணும் ஏதென்ஸ் கறுப்பை எதிர்பார்த்துச் சூளையைத் திறந்தால் கிண்ணம் பழுப்பும் சிவப்புமாக நிற்கிறது என்று நொந்துபோய் எழுதியிருக்கிறாய். உன் தூரிகையில் குற்றமில்லை. நீ பூசிய மண்குழம்பிலும் சூளை வாயிலும்தான் கோளாறு.

கிரேக்கப் பானையின் கறுப்பு சாயமும் அல்ல, புகைக்கரியும் அல்ல. பானை மண்ணைப் போன்ற இரும்புச்சத்துள்ள செம்மண்ணைக் கரைத்து, அதில் மிக நுண்ணிய துகளை மட்டும் பிரித்தெடுத்த குழம்பு அது. தீட்டும்போது அதுவும் மண் நிறம்தான். ஓவியன் மண்மேல் மண்ணால் வரைந்துவிட்டுக் கறுப்பை நெருப்பிடம் விட்டுவிடுகிறான்.

நீ மண்ணைத் துணியில் வடிகட்டியதாக எழுதியிருக்கிறாய். அது போதாது. ஒரு கிலோ உலர்ந்த மண்ணுக்கு 5 லிட்டர் மழைநீர், 3 கிராம் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் (மண்துகள்களை ஒட்டாமல் பிரித்து மிதக்கவைக்கும் உப்பு) போட்டுக் கலக்கி, இரண்டு நாள் அசைக்காமல் வை. மேல்பகுதியை மட்டும் குழாய் போட்டு இழுத்துக்கொள். அடியில் படிந்ததைத் தொடாதே. எடுத்ததைப் பாலாடைப் பதத்துக்கு வற்றவை. மண்ணில் சுண்ணாம்பு அதிகமிருந்தால் வேறு மண் பார். பானை தோல்போல் இறுகிய பதத்தில் இருக்கும்போதே பூசவேண்டும். முழுக்கக் காய்ந்தபின் தடிப்பாகப் பூசினால் செதில் செதிலாக உரியும்.

இனி சூளை. ஒரே ஏற்றம், மூன்று கட்டம். முதலில் காற்றோட்டத்தோடு சுமார் 800 டிகிரி வரை எரித்தால் எல்லாம் சிவப்பு. பிறகு வாய்களை அடைத்து, பச்சை விறகைப் போட்டு 900க்கு மேல் கொண்டுபோ. ஆக்சிஜன் கிடைக்காமல் பானையும் பூச்சும் சேர்ந்தே கறுக்கும்; அந்தச் சூட்டில் பூச்சின் நுண்துகள்கள் இளகி ஒன்றோடொன்று இறுகிவிடும். கடைசியில் சூடு சற்றுத் தணிந்ததும் வாயைத் திறந்து காற்றை விடு. நுண்துளையுள்ள பானை மண் ஆக்சிஜனை உறிஞ்சி மறுபடி சிவக்கும். இறுகிய பூச்சுக்குள் காற்று நுழையாது, ஆகவே அது கறுப்பாகவே நிற்கும்.

உன் கிண்ணத்தின் பூச்சு இறுகவே இல்லை. துகள் பெரிது, இரண்டாம் கட்டத்துச் சூடும் குறைவு. கடைசிக் காற்று அதையும் சிவக்க வைத்துவிட்டது. வயிற்றில் இருக்கிற அந்த வட்டச் சிவப்பு மட்டும் வேறு கதை: பக்கத்துப் பானை ஒட்டிக்கொண்டு நின்ற இடம். அருங்காட்சியகப் பானைகளிலும் இந்தத் தழும்பைப் பார்க்கலாம், வெட்கப்படாதே. சூட்டை மிதமிஞ்சி ஏற்றினாலும் ஆபத்து: பானை மண்ணே இறுகிச் சாம்பல் நிறத்தில் நின்றுவிடும்.

கிரேக்கப் பானை ஓவியத்தின் இரு முறைகளில் கறுப்பு உருவமா, சிவப்பு உருவமா என்று கேட்டாய். முதலாவதில் உருவத்தைக் குழம்பால் நிரப்பி, சுடுவதற்கு முன் கூரிய முனையால் கீறி உள்கோடுகளை எடுக்கவேண்டும். வத்திக்கானில் உள்ள, பண்டைய ஏதென்ஸ் ஓவியன் எக்ஸேகியாஸின் ஜாடியில் டிராய் போர் வீரர்கள் அகிலீஸும் அயாக்ஸும் குனிந்து காய் ஆடுகிறார்கள். அவர்கள் போர்வையின் பூவேலை முழுக்க இப்படிக் கீறியதுதான். கீறல் ஒருமுறை பிசகினால் திருத்த வழியில்லை. சுமார் கி.மு. 530இல் ஏதென்ஸில் இதைத் தலைகீழாக்கினார்கள். உருவம் மண் நிறத்திலேயே நிற்க, அதன் விளிம்பைச் சுற்றி விரல் நுனி அகலத்துக்கும் குறைவான பட்டையை முதலில் இழுத்து, பிறகு பின்புலத்தை நிரப்பினார்கள். உள்கோடுகளைக் கெட்டிக் குழம்பால் வரைந்ததால் அவை விரலில் தட்டுப்படும். நீர்த்த குழம்பு முடிக்கும் தசைக்கும் தேன் நிறம் தரும். ம்யூனிக்கில் ஒரு ஜாடி இருக்கிறது: ஒரு பக்கம் கறுப்பு உருவம், மறுபக்கம் சிவப்பு உருவம், இரண்டிலும் சாய்ந்து விருந்துண்ணும் புராண வீரன் ஹெராக்ளீஸ். அதன் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார். கீறலால் வராத தோள்பட்டைச் சதை தூரிகைக்கு எப்படி வருகிறது என்று தெரியும். உனக்கு நான் சிவப்பு உருவத்தையே சொல்வேன்.

வடிவம் மட்டும் மாற்று. கைலிக்ஸ் என்னும் அகன்ற மதுக்கிண்ணம் பார்க்க எளிது, செய்யக் கடினம். கிண்ணத்தையும் தண்டுப் பாதத்தையும் தனித்தனியே வனைந்து ஒட்டவேண்டும். ஈரம் பொருந்தாவிட்டால் ஒட்டில் விரிசல். பக்கவாட்டுப் பிடிகள் விளிம்பை இழுத்து வாயை முட்டை வடிவாக்கிவிடும். லெகிதோஸ் எண்ணெய்க் குப்பியில் தொடங்கு. குறுகிய கழுத்து, சொட்டு வழியாதபடி வெட்டிய வாய், ஒரே பிடி. கல்லறைக்கு வைத்த வெள்ளை லெகிதோஸ்களில் ஒரு கில்லாடி வேலை உண்டு: கழுத்துக்குக் கீழே உள்ளே சிறு குப்பி மறைந்திருக்கும். கொஞ்சம் எண்ணெயிலேயே ஜாடி நிறைந்ததாகத் தெரியும்! சிக்கிய காற்று சூளையில் வெடிக்காமலிருக்க வெளிச்சுவரில் ஒரு சின்ன ஓட்டை வைத்திருப்பார்கள். நீயும் அப்படிச் செய்வதானால் அந்த ஓட்டையை மறந்துவிடாதே.

அடுத்த சூளைக்குமுன் ஆறு ஓட்டுத் துண்டுகளில் ஆறு தடிப்பில் குழம்பைப் பூசிச் சுட்டு அனுப்பு. எது கறுத்தது, எது சிவந்தது என்று துண்டின் பின்பக்கம் எழுதி வை.

அன்புடன்,
ரகு