பதவுரை இல்லாமல் வா

காவேரிப்பட்டணம்
பங்குனி மாதம், ஞாயிறு

டேய் புலவா,

நலம். உன் தங்கச்சியும் நலம், முழங்கால் வலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால். உன் சர்க்கரை எவ்வளவு என்று எழுதாதே, பொய்தான் எழுதுவாய். பெரியசாமி காரியத்துக்கு நீ வராததைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

எழுத வந்தது வேறு. செல்வி, அமுதனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டாள். அரைப் பரீட்சை லீவுக்கு வந்தவன் திரும்பிப் போகவே இல்லை. அவளும் மாப்பிள்ளையும் பேசி முடித்துவிட்டு எனக்குத் தகவல் மட்டும் சொன்னார்கள். ஓசூரில் இரண்டு பேரும் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் இருட்டின பிறகுதான் எழுந்திருப்பது. அதனால் திங்கள் முதல் வெள்ளி வரை பையன் இங்கே. கணக்கையும் இங்கிலீஷையும் அம்மா போனில் பார்த்துக்கொள்வாளாம். கவிதை, பாட்டு, கவனம் மூன்றும் தாத்தா பொறுப்பாம். கவனம் ஒரு பாடமா என்று கேட்டேன். "அதுதாம்ப்பா முதல் பாடம்" என்றாள். விற்பனைக்கூடத்தில் காலமெல்லாம் தராசு முள்ளையே பார்த்து ரிடையர் ஆனவனிடம் சொல்கிறாள்!

இந்த இடத்தில் நீ கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சர்ட்டிபிகேட்டுக்கு என்ன பண்ணுவான்?" என்பாய். ஊரே கேட்டாகிவிட்டது. பால் வாங்கப் போனால்கூட, "பேரன் மாடு மேய்க்கப் போறானா?" என்கிறார்கள். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் வீட்டில் வைத்துப் படிக்க வைப்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. 14 வயது நிறைந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். மாப்பிள்ளை இதையெல்லாம் அச்செடுத்து ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்திருக்கிறார், யாராவது கேட்டால் காட்டச் சொல்லி. நான் காட்டுவதில்லை. "ஆமா, மாடு மேய்க்கத்தான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறேன்.

செல்வி நாலு கலர் ஸ்கெட்ச் பேனாவில் ஒரு கால அட்டவணை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். எல்லாம் சார்லட் மேசன் என்கிற இங்கிலாந்துக்கார அம்மாள் காட்டிய வழியாம். 1842இல் பிறந்து 1923 வரை இருந்தவர். ஆம்பிள்சைட் என்ற ஊரில், வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெண்களுக்காக 1892இல் ஒரு பயிற்சிக் கல்லூரி தொடங்கினவர். எனக்கு முதலில் எரிச்சல்தான். தகடூர் மண்ணில் பிள்ளை வளர்க்க இங்கிலாந்திலிருந்து ஆள் வரணுமா? ஆனால் அந்த அம்மாள் சொன்ன ஒன்று எனக்குப் பிடித்துப்போய்விட்டது. சின்னப் பிள்ளைக்கு ஒரு பாடம் இருபது நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. வாசிப்பது ஒரே ஒரு தடவை. பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, கேட்டதைப் பிள்ளை தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். இன்னொரு தடவை வாசிக்க மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டால் காது தானாகத் திறந்துகொள்ளும் என்பது அவர் கணக்கு. ஒரே தடவை கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் நம் ஏகசந்தக்கிராகிகள் கதை ஞாபகம் வருகிறதா? நடுவில் நிறுத்தி விளக்குவதும், முடிவில் நீதி சொல்வதும் கூடவே கூடாதாம். இதைப் படித்ததும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். பதவுரை, பொழிப்புரை, இலக்கணக்குறிப்பு என்று புறநானூற்றைக் கூறுபோட்டு விற்ற பரம்பரை ஆயிற்றே நீ. கோபித்துக்கொள்ளாதே, மேலே படி.

அந்தப் புறநானூற்றில்தான் ஆரம்பித்தேன். 95ஆம் பாட்டு. தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டிப் பெருமைப்பட்டபோது அதியமானுக்காகத் தூது போன அவ்வை பாடியது. உனக்கா சொல்லணும். அமுதனிடம் தூதுக் கதையைக்கூடச் சொல்லவில்லை. ஒரு ராஜா தன் வேல்களைக் காட்டுகிறான், ஒரு பாட்டி நின்று பார்க்கிறாள் என்பதோடு சரி. நிதானமாக வாசித்தேன். "இவ்வே, பீலி அணிந்து, மாலை சூட்டி" என்கிறபோது என் கை தானாக இந்தப் பக்கம் போயிற்று. "அவ்வே" வரும்போது அந்தப் பக்கம். நான் தந்த உரை அவ்வளவுதான். புத்தகத்தை மூடினேன். பையன் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்:

"அந்தப் பாட்டி கிண்டல் பண்றாங்க தாத்தா. மாலை போட்டு வெச்ச வேல் சண்டைக்கே போவல, அதான்."

நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பாட்டில் பாதிச் சொல்லுக்கு அவனுக்கு அர்த்தம் தெரியாது. நமக்குப் பள்ளிக்கூடத்தில் எல்லாச் சொல்லுக்கும் அர்த்தம் தெரியும், ஒரு தடவையாவது சிரித்தோமா? 'வஞ்சப்புகழ்ச்சி அணி, ஐந்து மதிப்பெண்' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனோம்.

அடுத்த நாளே வேறொன்று கேட்டான். அதியமான் நிஜ ஆளா, கதையா? தர்மபுரிக்குப் பஸ் ஏறி, இதுதான் தகடூர் என்று காட்டினால் போதும் என்று நினைத்தேன். அதெல்லாம் செல்லாதாம், எங்கே எழுதியிருக்கிறது என்கிறான். நல்லவேளை, திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981இல் கிடைத்த தமிழி எழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த குகை என்று கல்லிலேயே பெயர். படத்தைக் காட்டினேன். அந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துத் தரையில் சாக்பீஸால் வரைந்துகொண்டே இருந்தான். உன் தங்கச்சி கோலம் போட இடம் தேடி அலைந்தாள்.

பாட்டுக் கதைக்கு வருகிறேன். அட்டவணைப்படி ஒரு மாதத்துக்கு ஒரு ராகம். இப்போது மோகனம். மாப்பிள்ளை வாங்கித் தந்த பொம்மைக் கீபோர்டில், மூன்றாக இருக்கிற கறுப்புக் கட்டைகள் ச ரி க, அடுத்து இரண்டாக இருப்பவை ப த என்று காட்டினேன். ஐந்தே சுரம், வெள்ளைக் கட்டையைத் தொடவே வேண்டாம். ஒருநாள் இவன் அதே ஐந்து கட்டையை அந்த இரண்டு கட்டைப் பக்கமிருந்து ஆரம்பித்து வாசித்துவிட்டு, "இது மோகனம் இல்ல தாத்தா, வேற யாரோ" என்றான். இல்லைதான், அங்கிருந்து ஆரம்பித்தால் அது சுத்த சாவேரி. பெயரை நான் சொல்லவில்லை. வேறு யாரோ என்று தெரிந்துவிட்டதே, பெயர் மெதுவாக வரட்டும்.

இன்னொரு காலை, உன் தங்கச்சி வழக்கம்போல எம்.எஸ். பாடின 'குறையொன்றும் இல்லை' போட்டிருந்தாள். நம்ம தொரப்பள்ளி ராஜாஜி எழுதினது என்று அவளுக்கு அதில் ஒரு சொந்தப் பெருமை. சிவரஞ்சனி முடிந்து காபிக்குத் திரும்புகிற இடத்தில் பையன் களியை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். "பாட்டு வேற வீட்டுக்குப் போயிடுச்சு." இந்தப் பாட்டை எத்தனை கச்சேரியில் எத்தனை பேர் கேட்டுத் தலையாட்டியிருப்பார்கள்! இப்படி யார் சொன்னார்கள்?

அட்டவணையில் பம்பை மேளம் இல்லை. செல்வியிடம் இதற்காகச் சண்டையே போட்டேன். மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு ஊரே திரண்டு, பம்பை அதிர்கிறபோது ஜன்னலைச் சாத்திவிட்டு மோகனம் கேட்பதா? கூட்டிப்போய் பம்பைக்காரர் பக்கத்திலேயே நிறுத்தினேன். இரட்டையில் ஒன்று வெண்கலம், ஒன்று மரம், கண்ணை மூடிக்கொண்டு எது எதுவென்று சொல் என்றேன். அந்த இரைச்சலில் பிரித்துச் சொன்னான். நான்தான் இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். காது மந்தம் என்று உன் தங்கச்சி சொல்வதை இனி மறுக்க முடியாது.

கவனம் என்ற பாடம் எப்படி நடக்கிறது என்று கேட்பாய். ஒன்றுமில்லை, தோட்டத்தில் பெங்களூரா மாமரத்தடியில் உட்காருவோம், பேசக் கூடாது, அவ்வளவுதான். தை மாதம் மரமெல்லாம் பூ. ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூக்கிறது, அதில் காயாக நிற்பது ஒன்றிரண்டு. அமுதன் நோட்டில் ஈ வரைந்திருந்தான். பூவில் ஏன்டா ஈ என்றால், "தேனீ எப்பவோதான் வருது, ஈதான் எல்லாப் பூவுக்கும் போவுது" என்கிறான். நிஜம்தான், மாம்பூவில் மகரந்தம் சேர்க்கிற வேலையில் பெரும்பங்கு ஈயுடையது. மாங்கூழ் கம்பெனி இந்த வருஷமும் டன்னுக்கு அடிமாட்டு விலை கேட்கப் போகிறது. அந்தக் கவலையிலேயே மரத்தை அண்ணாந்து பார்க்கிறவனுக்கு ஈ எங்கே கண்ணில் படும்?

இதில் எனக்கும் பத்தியம் உண்டு. மதியம் வரை தாத்தாவும் போனைத் தொடக் கூடாதாம். தொட்டால் பையன் ஒன்றும் சொல்வதில்லை, நான் பார்க்கும் பக்கம் அவனும் பார்ப்பான், அவ்வளவுதான் பாடம் போயிற்று. ஆனால் சட்டம் போட்டவளே சனிக்கிழமை வந்ததும் போனைத் தூக்கி, "பாட்டுச் சொல்லு கண்ணு" என்று படம் பிடித்து யார் யாருக்கோ அனுப்புகிறாள். உடனே அவன் முகம் மாறிவிடுகிறது, ஆண்டு விழாப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொள்கிறான். சொன்னால் கோபம் வருகிறது அவளுக்கு. நீ வரும்போது நீ சொல். வாத்தியார் சொன்னால் கேட்பாள்.

இவ்வளவு பெருமை பேசுகிறேனே, தூக்கம் வருகிறதா என்று கேள். வருவதில்லை. பகல் பூராவும் பாட்டும் மரமும் நன்றாகத்தான் போகிறது. நாலு மணிக்கு மேல் அமுதன் காம்பவுண்டு சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தெருப் பிள்ளைகளின் ஸ்கூல் வண்டி வருகிற திசையையே பார்க்கிறான். அந்தப் பார்வையில் இருக்கிற கவனம் அவ்வைப் பாட்டுக்கும் இல்லை, ஈக்கும் இல்லை. வண்டி வந்தால் அவர்கள் டியூஷனுக்குப் போகிறார்கள். அரை மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். வீட்டில் என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம்டா, சண்டை போட நாலு பிள்ளைகளை எங்கிருந்து கொண்டுவருவேன்? நாம் படித்தது வகுப்பிலா, பெரியசாமி சைக்கிள் பின்னாலா? செல்வியிடம் கேட்டேன். "யோசிச்சிக்கிட்டிருக்கேம்ப்பா" என்றாள். குரல் கம்மியிருந்தது, நான் மேலே கேட்கவில்லை.

போன வாரம் அந்த அரை மணி நேரத்தில் ஒன்று நடந்தது. 235ஆம் பாட்டை வாசித்துக் காட்டியிருந்தேன், அதியமான் இறந்த பிறகு அவ்வை அழுதது. ("எட்டு வயசுப் பிள்ளைக்குக் கள்ளுப் பாட்டா?" என்று செல்வி கத்தினது தனிக் கதை.) சாயந்திரம் பார்த்தால் சுவர் மேல் அமுதன் கட்டியங்காரன் மாதிரி நின்றுகொண்டு, "சிறியகட் பெறினே எமக்கீயும்" என்கிறான். கீழே ஐந்தாறு பிள்ளைகள், புத்தகப் பையோடு, "மன்னே!" என்று பின்பாட்டு. "பெருஞ்சோற் றானும் நனிபல கலத்தன்..." "மன்னே!" ஒரே கூச்சல், சிரிப்பு. ஒப்பாரி என்று அதுகளுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியுமே. கொஞ்சமாகக் கிடைத்தால் முழுக்க நமக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நம்மைப் பாடவைத்து உட்கார்ந்து கேட்பான். யாருடா அது? டீக்கடையில் ஒன்றை இரண்டாக ஆற்றச் சொல்லி நம் கையில் கொடுத்துவிட்டு, இப்பதான் குடிச்சேன் என்பானே, அவன்தானே? எலும்பில் கறி இருக்கிற இடமெல்லாம் நமக்கு. அடி விழுகிற இடத்திலெல்லாம் முன்னால் நின்றவன் அவன். ராயக்கோட்டைத் தக்காளி லாரி அன்றைக்கு யார் நின்றது, யார் ஓடியது? (அமுதனிடம் அந்தக் கதையைச் சொல்லிவிட்டேன். நீ ஓடினதோடு சேர்த்து.) நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உன் தங்கச்சி வெளியிலிருந்து கூப்பிடவே இல்லை.

அவன் பேச்சை எடுக்க மாட்டேன் என்றுதான் ஆரம்பித்தேன். போகட்டும்.

நீ வரணும். சித்திரையில் பக்கத்து ஊரில் பாரதக் கூத்து வைக்கிறார்கள். பதினெட்டாம் போர், படுகளம் எல்லாம் அமுதன் விடிய விடியப் பார்க்கப் போகிறான், நீயும் கூட உட்காரணும். ஹார்மோனியத்தைக் கொண்டு வா. பொம்மைக் கீபோர்டின் சுருதியைக் கேட்டால் நாய்கூட எழுந்து போகிறது. நீயும் பாடலாம், தடுக்க மாட்டேன். "யாழொடும் கொள்ளா, பொழுதொடும் புணரா" என்று உன் பாட்டைப் பற்றி அவ்வை அன்றைக்கே எழுதிவைத்துவிட்டார். இரண்டு வரி தள்ளி மழலை என்கிறார், அதை உனக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

ஒரே நிபந்தனை. பையன் பாட்டுச் சொல்லும்போது நடுவில், "இதில் வரும் அணி யாது?" என்று வாயைத் திறந்தாயோ, அடுத்த பஸ்ஸில் சேலத்துக்கு ஏற்றிவிடுவேன். அவனாகக் கேட்டால் சொல். கேட்பான், உன்னைத் திணறடிக்கிற அளவுக்குக் கேட்பான். 'மன்னே' என்பது இறந்துபோன ஆளைப் பற்றியது என்று இன்னும் நான் சொல்லவில்லை. சொல்லணுமா, அவனாகத் தெரிந்துகொள்ளட்டுமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அதை உன்னிடம் விடுகிறேன்.

எக்ஸ்பிரஸ் பஸ்காரன் பைபாஸிலேயே இறக்கிவிடுவான், போன் பண்ணு, வண்டியோடு வருகிறேன். ஹார்மோனியத்தைச் சீட்டுக்கு அடியில் தள்ளாதே, மடியில் வைத்துக்கொள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டால் மரியாதையாகக் கொடுத்துவிடு, போன தடவை மாதிரி திருக்குறள் சொல்லாதே.

உன்
தராசு