கணக்குக் கேட்டால் கோயிலுக்கு வராதவளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் எங்கள் ஊர்க் கும்பாபிஷேகத்துக்கு வண்ணப் பக்கங்கள் ஒதுக்கியிருந்தீர்கள். மகிழ்ச்சி. அதில் திருப்பணிக் குழு நிர்வாகி ஒருவர் மேடையில் பேசியதாக ஒரு வரி வந்திருக்கிறது: "கணக்குக் கேட்கிறவர்கள் யாரும் கோயிலுக்கு வருகிறவர்கள் இல்லை." பக்கத்திலேயே 'பலத்த கைதட்டல்' என்று நீங்களும் போட்டிருக்கிறீர்கள்.

கணக்குக் கேட்டவள் நான். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தச் சிவன் கோயிலுக்குப் போகிறவளும் நான்தான். மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டவர்களில் பாதிப் பேர் அதற்கு முந்தின கும்பாபிஷேகத்தில் பார்த்த முகங்கள்; இடையில் வாசற்படி மிதித்ததில்லை. இதைச் சொல்லிக்காட்ட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். சொல்லிவிட்டேன், சரி.

நான் கேட்டது பெரிய விஷயமில்லை. வசூலான தொகை எவ்வளவு, எதற்கு எவ்வளவு செலவு, மிச்சம் எந்த வங்கியில் யார் பேரில் இருக்கிறது? முதலில், "ஆடிட்டரிடம் இருக்கிறது ஆச்சி" என்றார்கள். அப்புறம் கும்பாபிஷேகம் முடியட்டும் என்றார்கள். அது முடிந்தது, மண்டலாபிஷேகம் முடியட்டும் என்றார்கள். அதுவும் முடிந்தபின், "சாமி காரியத்தில் சந்தேகப்படலாமா?" என்று வந்து நிற்கிறது. சாமி மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ரசீதுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டது சாமி இல்லையே.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இந்தப் பேச்சைக் கேட்க வேண்டியிருக்கிறது, அதுதான் பொறுக்கவில்லை. எங்கள் அய்யா ரங்கூனில் கடை வைத்துக் கொண்டுவிற்றவர். அந்தக் காலக் கடைகளில் பேரேட்டிலேயே சாமிக்கு ஒரு பக்கம் உண்டு. லாபத்தில் மகமை என்று தர்மத்துக்கு ஒரு பங்கு எடுத்து, முருகன் பேரிலும் பிள்ளையார் பேரிலும் வரவு வைத்து, அதற்கு வட்டியும் போட்டு எழுதுவார்கள். சாமியையே கணக்கில் ஒரு புள்ளியாக வைத்துப் பற்று வரவு பார்த்தவர்கள். எங்கள் நகரத்தார் பழனிக்கு உப்பு விற்கப் போன காலத்திலேயே தண்டாயுதபாணிக்கு மகமை ஒதுக்கியவர்கள் என்று பட்டயம் சொல்கிறது. சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859இல் எழும்பியது அந்த மகமை புத்தியில்தான். வருஷக் கடைசியில் ஐந்தொகை என்று மொத்த வரவு செலவு, இருப்பைப் போட்டு, காலணா உதைத்தாலும் விளக்கு வைத்துத் தேடியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்குக் கணக்கு என்றால் முகம் சுளிக்கிறார்கள்.

புள்ளி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் நகரத்தாரில் கோயில் வரிக்குக் கல்யாணமான குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. என் வீட்டுக்காரர் இருந்தவரை நாங்கள் ஒரு புள்ளி. அவர் போனபின் நான் அரைப்புள்ளி. அரை வரிக்கு ஆள் வீடு தேடி வருகிறார். நகரத்தார் கூட்டத்துக்கு மட்டும் அழைப்பு வருவதில்லை. அங்கே அரை என்பது எப்படியோ பூஜ்யமாகிவிடுகிறது. வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கே இந்தக் கணக்கு விளங்கவில்லை.

செலவைத்தான் சொல்ல மாட்டார்கள், செய்த வேலையைக் கண்ணால் பார்க்கலாம். முன்மண்டபத் தூண்களுக்கு வெள்ளி நிறத்தில் எனாமல் அடித்திருக்கிறார்கள். இரணியூர்த் தூண்களையும் வைரவன்பட்டிச் சிற்பங்களையும் எங்கிருந்தெல்லாமோ வந்து பார்த்துப் போகிறார்கள். கல் கல்லாக இருப்பதால்தான் வருகிறார்கள். எங்கள் துவாரபாலகர் இப்போது நகைக்கடைத் திறப்பு விழாவுக்கு நிற்கிற ஆள் மாதிரி மின்னுகிறார். கோபுரத்துச் சுதை வேலையில் விரிசல் விட்ட இடமெல்லாம் சிமெண்டு. சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்து ஈரத்தை வெளியே விடும், சிமெண்டு உள்ளேயே பூட்டிவைக்கும். இதைச் சொல்ல இந்தச் சீமையில் இன்னும் கொத்தனார்கள் இருக்கிறார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை. பிராகாரத்துக் கருங்கல் தளத்தின் மேல் பளபளப்பான டைல்ஸ் வேறு. எண்ணெய் சிந்தினால் வயசானவர்கள் கதி என்ன? அடியில் எழுத்து வெட்டிய கல் ஒன்று இருந்தது, நான் பார்த்திருக்கிறேன். படியெடுத்துவிட்டு மூடினார்களா என்றால், "அது ஏதோ பழைய கல்" என்கிறார்கள்.

அந்தக் காலத்துத் திருப்பணிகளிலும் பழைய கல்வெட்டுகள் போயிருக்கின்றன, எங்கள் ஆட்கள் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. அதற்காக அதே தப்பைக் காசு கொடுத்துத் திரும்பவும் செய்ய வேண்டுமா?

அப்புறம் விளக்கு. அர்த்தமண்டபத்தில் தொங்கிய வெண்கலத் தூண்டாமணி விளக்கு என் மாமியார் உபயம். கார்த்திகைக்கு முன்னால் இறக்கி நானே புளி போட்டுத் துலக்கியிருக்கிறேன். அடிவிளிம்பில் உளியால் வெட்டிய எங்கள் வீட்டு விலாசம், அந்த எழுத்துப் பள்ளத்துக்குள் மட்டும் எவ்வளவு தேய்த்தாலும் போகாத எண்ணெய்க் கறுப்பு. திருப்பணிக்காகச் சாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றிய பாலாலயத்தின்போது இறக்கினார்கள். திரும்பி ஏறவில்லை. அந்த இடத்தில் இப்போது எல்இடி பல்பு எரிகிறது. "ஸ்டோரில் இருக்கும்" என்கிறார்கள். ஸ்டோர் சாவி யாரிடம் என்றால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். கோயில் சாமான்களுக்குப் பதிவேடு என்று ஒன்று இருந்தால் இந்தக் கேள்வியே வராது.

இதே குழுவினர்தான் அறநிலையத் துறை கோயில்களை விட்டு வெளியேற வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். பேசட்டும், துறையின் மேல் எனக்கும் குறைகள் உண்டு. ஆனால் 1959ஆம் வருஷச் சட்டத்தில் சொத்துப் பதிவேடும் தணிக்கையும் எழுதியாவது இருக்கின்றன. துறை அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவாவது போடலாம். இங்கே மனுப் போட்டால் வாங்குகிறவர் என் கொழுந்தனார்.

குருக்களின் சம்பளத்தைப் பற்றியும் ஊருணியில் மிதக்கும் பிளாஸ்டிக் பைகளைப் பற்றியும் போன வருஷமே உங்களுக்கு எழுதினேன். அதில் "திருவிழா சிறப்பாக நடந்தது" என்ற முதல் வரியை மட்டும் போட்டு, மிச்சத்தைக் கத்தரித்துவிட்டீர்கள். இடப் பற்றாக்குறையாக இருக்கும். அதே பக்கத்தில் நிர்வாகியின் அறுபதாம் கல்யாணப் படத்துக்கு இடம் இருந்தது.

உங்களுக்குத் தெரியாததில்லை. 2015இல் ஆங்கில நாளிதழ் ஒன்றில் வந்த ஆசிரியருக்குக் கடிதத்தைத்தான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்து, பழைய கோயில்களையும் சிலைகளையும் காப்பாற்ற 2021 ஜூன் 7 அன்று 75 உத்தரவுகள் போட்டது. அந்த ஆசிரியரும் இடப் பற்றாக்குறை என்று கத்தரித்திருந்தால்?

எனக்கு 75 வேண்டாம். திருப்பணி வரவு செலவை அந்தக் குழுவிடம் கேட்டு வாங்கி, அரைப் பக்கத்தில் போடுங்கள். தர மறுத்தால், மறுத்தார்கள் என்று ஒரு வரி போடுங்கள். விளக்கு எங்கே என்பதையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அரைப் பக்கத்துக்கு விளம்பரக் கட்டணம்தான் என்றால் நானே கட்டிவிடுகிறேன். ரசீது மட்டும் தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை,
காரைக்குடி அருகில்.

(பெயரும் விலாசமும் தனித்தாளில் வைத்திருக்கிறேன். அச்சிட வேண்டாம். அச்சிடாவிட்டாலும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அது வேறு விஷயம்.)