டார்ஜிலிங்கில் எங்களைத் தாங்கிய எல்லோருக்கும்

வணக்கம். நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். இன்று காலை என் வீட்டுக்காரர் கைத்தாங்கல் இல்லாமல் தானே எழுந்து வாசல் வரை போய்ப் பால் பாக்கெட்டை எடுத்து வந்தார். இனிப் பயமில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். டார்ஜிலிங் ஆஸ்பத்திரியில் இவர் உடம்புக்கு முடியாமல் கிடக்க, அந்த மழையில் பாதையும் அடைபட்டுக் கிடந்தபோது நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். மறுபடி அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆனால் நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ராத்திரியோடு ராத்திரியாகப் பணம் அனுப்பியவர்கள், சிலிகுரியில் ஆம்புலன்ஸுக்கு ஏற்பாடு செய்தவர்கள், எனக்காக டாக்டரிடம் போனில் இந்தியில் பேசிய தம்பி, இங்கே என் மாமியாருக்கு மூன்று வேளையும் சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா, உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதவேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை பார்த்த ஆயா அவர். என்னைவிடச் சின்னவர்தான், நேபாளி பேசுகிறவர். என் ஓட்டை இந்தியை வைத்துக்கொண்டுதான் இருவரும் பேசிக்கொண்டோம். முதல் நாளே என்னைத் ‘தீதி’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இவ்வளவு தூரம் எதற்காக வந்தீர்கள் என்று ஒரு ராத்திரி கேட்டார். ஒரு கல்லறையைப் பார்க்க வந்தோம் என்றேன்.

அது சோமாவின் கல்லறை. நான் எழுதுவதைப் படிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். அலெக்சாண்டர் சோமா, டிரான்சில்வேனியாவில் கோரோஸ் என்ற சின்ன ஊரில் 1784-இல் பிறந்த ஹங்கேரியர். தன் மக்களின் பூர்வீகம் ஆசியாவில் எங்கோ இருக்கிறது என்று நம்பி 1819-இல் கிளம்பியவர். பெரும்பாலும் நடந்தே வந்தார். 1822-இல் லடாக் பக்கம் வழியில் மூர்கிராஃப்ட் என்ற ஆங்கிலேயரைச் சந்தித்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட மருத்துவர் அவர். புகாராவுக்குக் குதிரை தேடிப் போகிற வழியில் இருந்தார். தன்னிடமிருந்த திபெத்திய மொழி பற்றிய லத்தீன் புத்தகம் ஒன்றைச் சோமாவிடம் கொடுத்தார். அந்த ஒரு புத்தகம் சோமாவின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. அப்புறம் லடாக்கில் ஸங்ஸ்கார் பக்கம் ஸங்லாவில் ஒன்பதடிச் சதுர அறைக்குள், வெளியே பனி மூடிக் கிடக்க, ஆட்டுத்தோல் அங்கியைப் போர்த்திக்கொண்டு, கணப்பில்லாமல், இருட்டிய பிறகு விளக்கும் இல்லாமல், ஒரு லாமாவிடம் மாதக்கணக்கில் பாடம் கேட்டார். 1834-இல் கல்கத்தாவில் அவருடைய திபெத்திய அகராதியும் இலக்கணமும் அச்சாயின. ஐரோப்பாவில் திபெத்தியப் படிப்பு அங்கிருந்துதான் வேர்விட்டது. திபெத்தின் லாசா நகருக்குப் போகும் ஆசையோடு 1842-இல் டார்ஜிலிங் வந்தவர், வழியில் மலையடிவாரத்துத் தராய் காட்டில் பிடித்த காய்ச்சலால் ஏப்ரல் 11 அன்று இறந்துபோனார்.

இதில் கால்வாசியைக்கூட என்னால் இந்தியில் சொல்ல முடியவில்லை. புத்தகத்துக்காக நடந்தே வந்த ஒரு மனிதர், காய்ச்சலில் இங்கேயே போய்விட்டார், அவ்வளவுதான் சொன்னேன். அந்த ஆயா ‘ம்’ கொட்டிக் கேட்டுவிட்டு, என் காலைப் பார்த்தார். நான் வெறும் செருப்போடு உட்கார்ந்திருந்தேன். போய்த் தன் பையிலிருந்து ஒரு ஜோடி கம்பளிக் காலுறை எடுத்து வந்து, நான் தடுக்கத் தடுக்கக் கீழே உட்கார்ந்து மாட்டிவிட்டார்.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் அவருக்கு விடுமுறை. அன்று சாயங்காலம் நனைந்த குடையோடு வந்து தன் போனை என்னிடம் நீட்டினார். லேபோங் கார்ட் ரோட்டில் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்துக்கு அவராகவே விசாரித்துக்கொண்டு போயிருக்கிறார். அந்த ஊரிலேயே இருந்தும் அதுவரை அங்கே போனதில்லையாம். முதலில் ஜெனரல் லாயிட் என்பவரின் கல்லறையைப் படம் எடுத்துவிட்டு, இது இல்லை என்று யாரோ சொன்ன பிறகு அடுத்ததற்குப் போயிருக்கிறார். வெள்ளைத் தூண், கல்கத்தாவின் ஆய்வுச் சங்கமான ஏசியாட்டிக் சொசைட்டி வைத்த கல்வெட்டு, பின்னால் வந்த ஹங்கேரியர்கள் பதித்துவிட்டுப் போன பலகைகள் என்று ஒவ்வொன்றையும் கிட்டே போய் எடுத்திருந்தார். சிலவற்றில் ஓரத்தில் அவர் கட்டைவிரல் விழுந்திருக்கிறது, சிலவற்றில் மழைத்துளி. ஆனால் எழுத்து முழுக்கப் படிக்க முடிகிறது. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி டாக்டர் கேம்பெல்லை நினைத்துக்கொண்டேன். சோமா காலத்தில் டார்ஜிலிங்கை நிர்வகித்து வந்தவர் அவர். ஊர் பேர் தெரியாமல் முடிந்திருக்க வேண்டிய சோமாவின் கடைசி நாட்களில் கூடவே இருந்தார். மருந்து வேண்டாம் என்று முதலில் மறுத்தவரிடம் பொறுமையாகப் பேசினார். சோமா விட்டுப்போனவை என்று அவர்தான் எழுதி வைத்தார்: நாலு பெட்டிப் புத்தகமும் காகிதமும், எப்போதும் போட்டிருந்த நீல உடுப்பு, சில சட்டைகள், ஒரு சமையல் பாத்திரம். சோமாவைப் படிக்கும்போதெல்லாம் அவருடைய பிடிவாதத்தைத்தான் நான் வியந்திருக்கிறேன். மூர்கிராஃப்டையும் அந்த லாமாவையும் கேம்பெல்லையும் இப்போதுதான் நின்று பார்க்கிறேன். இவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பிடிவாதம் வழியிலேயே பட்டுப்போயிருக்கும்.

பாதியில் நிற்கும் சோமா கட்டுரைகளை எழுதி முடிப்பேன். அந்த லாமாவுக்குத் தனியாக ஒரு அத்தியாயம் உண்டு. ஸாங்யே பூன்ட்ஸோக் என்ற அவர் பெயர், அவர் மாணவர் பெயர் சொல்லப்படும் இடங்களில்கூட அதிகம் வருவதில்லை. புத்தகமாக வந்தால் முதல் பிரதி டார்ஜிலிங்கில் அந்த ஆயாவுக்குப் போகும். அவரால் படிக்க முடியாது, ஆனால் தான் எடுத்த படங்களை அதில் பார்க்கலாம்.

அப்புறம் ஒன்று. பணம் அனுப்பியவர்களில் சிலர் கணக்கு எண்ணைத் தர மறுக்கிறீர்கள். என் வீட்டுக்காரர் தினமும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கிறார். தயவுசெய்து அனுப்பிவிடுங்கள்.