கட்டணம் 150 ரூபாய், ஊட்டிக்கு நாலு நடை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரி பக்கத்தில் ரெண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். அப்பா 2013ல் வாங்கிய 100 சிசி வண்டியில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டு இலை மூட்டை போகிறது. மூட்டைக் கயிறு உரசி உரசிப் பின்பக்கத்து பெயின்ட் எல்லாம் போய் இரும்பு தெரியும், ஆனால் இன்ஜின் ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. அப்பா இறந்து ஒன்றரை வருடம் கழித்து ஒரு வண்டிச் சோதனையில் ஆர்.சி. கார்டை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை, வாங்கிப் பார்த்த காவலர், "ஓனர் யாருப்பா?" என்று கேட்டார். அப்பா என்றேன். "சரி, அவருக்கு ஒரு போன் போடு" என்றார். எனக்கு வார்த்தையே வரவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவரே சங்கடப்பட்டு, சீக்கிரம் பேர் மாத்திடுப்பா என்று சொல்லிக் கார்டைக் கையில் கொடுத்தார். அன்றைக்கு ஆரம்பித்தது இந்த அலைச்சல்.

முதலில் ஒரு புரோக்கரிடம்தான் போனேன், எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். ஐயாயிரம் என்றார். எதுக்கு இவ்வளவு என்றால், "வாரிசு கேஸ், ஆபீஸ் செலவு நிறைய" என்றார். எது எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொன்னேன், சொல்லவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் மோட்டார் சைக்கிள் பதிவுக் கட்டணம் 300 ரூபாய், பெயர் மாற்றத்துக்கு அதில் பாதி, அதாவது 150 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய். கூட சில்லறையாகச் சேவைக் கட்டணம் சேரும், அவ்வளவுதான். இதை நான் தெரிந்துகொண்டதே இ-சேவை மையத்தில் இருந்த ஒரு தம்பி சொல்லித்தான். புரோக்கரை விட்டுவிட்டு நானே செய்வது என்று முடிவு செய்தேன்.

கட்டணம் குறைவுதான், மீதிதான் பெரிது. வாரிசு சான்றிதழுக்கு இ-சேவையில் 60 ரூபாய், அப்புறம் தாலுகா அலுவலகத்துக்கு நடை. அம்மாவும் தங்கையும் ஆட்சேபணை இல்லை என்று பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். முன்பு 20 ரூபாய் பத்திரத்தில் முடிந்த பிரமாணப் பத்திரத்துக்கு இப்போது 200 ரூபாய் முத்திரைத்தாள். தங்கை திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள், ஒரு கையெழுத்துக்காக ரெண்டு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மலை ஏறி வந்தாள். காலாவதியாகிக் கிடந்த இன்சூரன்ஸைப் புதுப்பிக்க, 75 சிசிக்கு மேல் 150 சிசி வரைக்கும் மூன்றாம் நபர் காப்பீடு 714 ரூபாய், ஜிஎஸ்டியோடு 843 ஆனது. வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஒட்டச் சொன்னார்கள். நல்ல மேகமூட்டமான நாள், பேப்பர் நமுத்துப்போய் பென்சில் பிடிக்கவே இல்லை, கடைசியில் வண்டியை அடுப்படிப் பக்கம் தள்ளிக் கொண்டுபோய் இரும்பைத் துணியால் துடைத்துத் துடைத்து எட்டாவது தடவைதான் எழுத்து விழுந்தது. ஊட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு மட்டும் நாலு நடை, ஒவ்வொரு நடையும் போக வர அறுபது கிலோமீட்டர், கொழுந்து எடுக்கிற நாளாகப் பார்த்து அமைந்ததில் ரெண்டு நாள் இலை முற்றியே போனது. கவுன்டரில் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் என்னென்ன வேண்டும் என்று ஒரே தடவையில் தெரிந்திருந்தால் நாலு நடை ரெண்டாகியிருக்கும்.

இவ்வளவு செலவு செய்து எதற்கு மாற்ற வேண்டும், அப்பா பேரிலேயே ஓடட்டும் என்று எங்கள் ஊரில் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன். ஓட்டுகிற உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்.சி.யில் பேர் இருப்பவருக்குத்தான். அப்பா பேரில் இருக்கும் வண்டியை மகன் ஓட்டிக்கொண்டு போய் ஒரு வளைவில் விழுந்தால் அந்த வீட்டுக்கு அந்தப் பணம் வராது. மழையும் பனியும் இருக்கிற இந்த ரோடுகளில் இது சின்ன விஷயம் இல்லை. உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31ல் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

இன்னொன்று, 2021லிருந்தே ஆர்.சி.யில் நாமினி பேரைச் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்திருந்தால் வாரிசு விவகாரம் எவ்வளவோ சுலபமாகியிருக்கும். போன மாதம் சித்தப்பா மகனுக்கு வண்டி எடுக்க ஒரு ஷோரூமுக்குக் கூடப் போனேன், நாமினி பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. நானாகக் கேட்டபோதும் "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள். ஆன்ரோடு விலை என்று ஒரே தொகையைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பிரித்துக் கேட்டு உட்கார்ந்தேன். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஆயுள் வரி, வண்டி விலை ஒரு லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம், முன்பு 8தான். சமவெளியில் 100 சிசி போதும், இங்கே ரெண்டு பேர் ஏறினால் மேட்டில் 125 சிசியாவது வேண்டும், வண்டி விலை லட்சத்தைத் தாண்டினால் வரியும் கூடுகிறது. அரசு வாங்கினால் சரி என்று கட்டிவிடுவோம். ஆனால் அந்தச் சீட்டில் "கையாளும் செலவு" என்று 2,500 ரூபாய் இருந்தது, அது எந்த அரசுக் கட்டணமும் இல்லை. கேட்டதும் அதை அடித்துவிட்டார்கள். கேட்காதவர்கள் கட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

மாவட்ட நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். எல்லா ஷோரூம் வாசலிலும் பதிவுக் கட்டணம், ஆயுள் வரி, காப்பீடு எல்லாவற்றையும் தனித்தனியாகத் தமிழில் எழுதிப் பலகை வைக்கச் சொல்லுங்கள். புது வண்டிக்கு விண்ணப்பம் எழுதும்போதே நாமினி பேரைக் கேட்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு நாள் கோத்தகிரியிலும் மஞ்சூரிலும் பெயர் மாற்ற முகாம் போட்டு, தாலுகா அலுவலக ஊழியர் ஒருவரையும் அதே இடத்தில் உட்கார வையுங்கள். கார்டு எப்படியும் தபாலில்தான் வருகிறது, அதற்காக யாரும் ஊட்டி வரை போக வேண்டியதில்லை.

எனக்கும் தபாலில்தான் வந்தது. இப்போது கார்டில் என் பேர், அதற்குக் கீழே தந்தை பேர் என்ற இடத்தில் அப்பா பேர்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி, நீலகிரி.