இழையோடு பெட்டியையும் காட்டச் சொல்லுங்கள்: ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

ஒளியிழை உயிருணரிகளை, அதாவது கண்ணாடி இழையில் ஓடும் ஒளியைக் கொண்டு ரத்தத்தில் நோயின் அடையாளங்களைத் தேடும் கருவிகளைப் பற்றி நீங்கள் வெளியிடும் கட்டுரைகளை விடாமல் படிப்பவன் நான். முன்னுரை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு துளி ரத்தம், சில நிமிடங்கள், நோயாளியின் படுக்கையருகிலேயே முடிவு. செய்முறைப் பகுதிக்குப் போனால் பல கட்டுரைகளில் ரத்தத்தைக் காணோம். தூய உப்புக் கரைசல்தான் இருக்கிறது.

நுட்பத்தை நான் குறை சொல்லவில்லை. உறையோடு சேர்த்தே 125 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி இழை. உறையை ஓரிடத்தில் அரித்தெடுத்தால், உள்ளே ஓடும் ஒளி பரப்பைத் தாண்டிச் சில நூறு நானோமீட்டர் வெளியே எட்டிப்பார்க்கும். அங்கே எதிர்ப்பொருளைப் பதித்துவைத்தால், தேடும் புரதம் வந்து பற்றியதும் ஒளிவிலகல் எண் மாறும், அதை அளந்துவிடலாம். சாயம் ஏற்றும் வேலையும் இல்லை. அழகான வேலைதான்.

ஆனால் அந்தப் பரப்பில் எது ஒட்டினாலும் ஒளிக்கு ஒன்றுதான். மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின், லிட்டருக்குச் சில பத்து நானோகிராம் இருந்தாலே மருத்துவர் கவலைப்படுவார். அதே ஒரு லிட்டர் சீரத்தில் ஆல்புமின் என்ற புரதம் சுமார் 40 கிராம் இருக்கிறது. கிட்டத்தட்ட நூறு கோடி மடங்கு. உப்புக் கரைசலில் கிடைத்த கண்டறியும் எல்லையை (கண்டறிய முடிந்த மிகக் குறைந்த அளவை) வைத்துக்கொண்டு இந்தக் கூட்டத்துக்குள் என்ன செய்வது?

வெப்பமும் சும்மா இருப்பதில்லை. பிராக் கிரேட்டிங், அதாவது ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும் நுண்வரிகள், பொறித்த இழையில், 1550 நானோமீட்டர் அருகே, ஒரு டிகிரி சூடு ஏறினாலே அந்த அலைநீளம் சுமார் 10 பிகோமீட்டர் நகர்கிறது. புரதம் ஒட்டுவதால் வரும் நகர்வும் பல சமயம் இதே அளவுதான். வெப்பத்தின் பங்கைத் தனியே அளந்து கழிக்கப் பக்கத்தில் ஒப்பீட்டு இழை ஒன்று இல்லாத கட்டுரையை எப்படி நம்புவது?

இழை சட்டைப்பையில் அடங்கும், சரி. அதைப் படிக்கும் நிறமாலைப் பகுப்பாய்வி என்ற பெட்டி பாதி மேசையை அடைத்துக்கொள்கிறதே! படத்தில் மட்டும் அது வருவதே இல்லை. ஒற்றைமுறை இழையில் ஒளி ஓடும் உள்ளகம் சுமார் 9 மைக்ரோமீட்டர். முனையில் ஒரு தூசு உட்கார்ந்தாலும் ஒளி குறையும். ஒவ்வொரு நோயாளிக்கும் புது இழையைக் கையுறை போட்ட செவிலியர் எப்படிப் பொருத்துவார் என்பதை யாரும் எழுதுவதில்லை.

ஆகவே கேட்டு வாங்குங்கள்: நோயாளிகளின் ரத்தத்தில் கிடைத்த முடிவுகள், ஆய்வகப் பரிசோதனையோடு ஒப்பீடு, பெட்டியின் எடையும் மின்தேவையும், குளிர்ப்பெட்டிக்கு வெளியே எதிர்ப்பொருள் தாங்கும் காலம். இவை இல்லாத கட்டுரைகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஒளியியல் ஆய்வாகவே வெளியிடுங்கள். தலைப்பிலிருந்து நோயாளியின் படுக்கையை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்