விசாரித்துக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்துவிட்டால் சபைதோறும் உதவி வழங்கும் விழாக்கள் நடக்கும். ஒரு சேலையை எட்டுப் பேர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வாங்குகிற அம்மா, சொன்னபடி கேமராவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் எந்தத் தெரு, வீட்டில் யாருக்கு என்ன நோவு என்று கேட்டால் அந்த எட்டுப் பேரில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

அன்பு பெரிதா, நற்கிரியை பெரிதா என்று இரண்டையும் தராசில் வைத்துப் பேசுவது நம் பிரசங்கங்களில் பழகிப்போன ஒன்று. உள்ளதையெல்லாம் அன்னதானம் பண்ணினாலும் அன்பில்லாவிட்டால் பிரயோஜனமில்லை என்கிறார் பவுல் (1 கொரி. 13:3). உடுக்கத் துணியில்லாதவரிடம் 'சமாதானத்தோடே போங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன பயன் என்று கேட்கிறார் யாக்கோபு (2:15, 16). விசுவாசமா, கிரியையா என்று நூற்றாண்டுகளாக வழக்காடிய கத்தோலிக்கரும் லுத்தரன்களும்கூட 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். உபதேசத்தில் இருக்கும் சிக்கலைவிட, பொருள் கைமாறும் இடத்தில் இருக்கும் சிக்கலே பெரிது.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட உதவியில் விடுபட்டுப்போனார்கள். நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பு அந்த உதவியை 'அன்றாட விசாரணை' என்கிறது. விசாரிப்பது என்றால் தமிழில் கேட்டறிவதும்தான், பராமரிப்பதும்தான். அந்தக் குறையைத் தீர்க்கத் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். விடுபட்ட வீடுகளின் பேச்சு புரிகிறவர்கள் கையில்தான் பொறுப்பு போயிருக்கிறது.

1833-இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை என்ற கத்தோலிக்க உதவி அமைப்பு இன்றுவரை வீடு சந்திப்பைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. நம் பங்குகளிலும் அதன் கிளைகள் உண்டு. இரண்டு பேராகப் போவார்கள், கூட்டத்தில் இரகசியப் பையில் காணிக்கை எடுப்பார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று எவருக்கும் தெரியாது. எந்தச் சபையாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய முறை இது.

போகும் இருவரில் ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. மாதவிடாய்த் துணி, கர்ப்பக் காலச் சிரமம் போன்றவை ஆண்களிடம் வாயைவிட்டு வராது. சாப்பாட்டு நேரத்தில் போகக் கூடாது. வாசலில் நின்று கேட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று 'ஒண்ணும் வேண்டாம்' என்பார்கள். உள்ளே போய் உட்கார்ந்து அரைமணி நேரமாவது பேச வேண்டும். அவர்கள் முன்னாலேயே நோட்டை விரித்து எழுதினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும், தெருமுனைக்கு வந்தபின் எழுதிக்கொள்ளலாம். வாக்குக் கொடுத்ததை ஒரு வாரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டு அப்புறம் அந்தத் தெருப் பக்கமே போகாமல் இருப்பதைப்போல் மனதை நோகடிப்பது வேறில்லை. ஜெபம் பண்ணலாம், பண்ணவும் வேண்டும். தேவை என்னவென்று கேட்டு முடித்தபிறகு.

இப்படி விசாரிக்காமல் கொடுப்பதால்தான் எல்லாருக்கும் ஒரே மாதிரி 5 கிலோ அரிசிப் பை போகிறது. ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிற நம் மாநிலத்தில், பல வீடுகளில் முதலில் தீர்ந்துபோவது அரிசி அல்ல. பருப்பு, எண்ணெய், சர்க்கரை வியாதி மாத்திரை, பெரியாஸ்பத்திரிக்குப் போய்வர ஆட்டோ கூலி, படுக்கையில் கிடப்பவருக்கு டயப்பர். ஜூன் மாதமென்றால் பள்ளிக்கூடச் செலவு. போன வருஷப் பட்டியலை அப்படியே நகலெடுத்தால் இறந்துபோனவர் பெயருக்கும் பை கட்டிவைப்போம். வரிசையில் நிற்கக் கூச்சப்படுகிற, நேற்றுவரை நன்றாக வாழ்ந்த குடும்பம் அதில் இருக்கவே இருக்காது.

தென்மாவட்டச் சபைகளில் பெண்கள் நடத்திவந்த, ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்துவைக்கும் பிடியரிசிக் காணிக்கையை இதற்குப் பயன்படுத்தலாம். ஒரு பிடியை 50 கிராம் என்று வைத்தால், இரண்டு வேளைக்கு மாதம் 3 கிலோ. 40 வீடு சேர்ந்தால் 120 கிலோ. அதை அப்படியே ஏழை வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பச்சரிசியும் புழுங்கலும் கலந்திருக்கும். ஒன்று குழையும்போது இன்னொன்று வேகாமல் நிற்கும். மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்ததில் வண்டும் இருக்கும். வாரம் ஒருமுறை சேகரித்து, வகை பிரித்து விற்று, பணத்தை மருந்துக்கும் பருப்புக்கும் எடுப்பதே சரி. அந்தக் கணக்கை இரண்டு பேர் வைத்திருக்கட்டும். காணிக்கைப் பணத்தை எருசலேமுக்குக் கொண்டுபோகப் பவுலே தனியாகப் போகாமல் கூட ஆட்களைச் சேர்த்துக்கொண்டதற்கு 2 கொரிந்தியர் 8:20-இல் காரணம் சொல்லியிருக்கிறார்.

ஒரு ஜோடிக்கு மூன்று வீட்டுக்கு மேல் ஒப்படைக்கக் கூடாது. எல்லாச் சபையிலும் அந்த நாலு பேர்தான் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்வார்கள். ஒரு வருஷத்தில் களைத்துப்போய், உதவி கேட்டு வருகிறவர்மேலேயே எரிந்து விழுவார்கள். இயேசுவை வீட்டில் வரவேற்று உபசரித்த மார்த்தாள் சமைத்தது குற்றமல்ல, பற்பல வேலைகளால் வருத்தமடைந்ததைத்தான் இயேசு சுட்டினார். அன்பு வற்றியதென்று வேலையை விட்டுவிடுவதும் தீர்வல்ல. ஆதி அன்பை விட்ட எபேசு சபைக்கு வெளிப்படுத்தல் 2:5 சொல்வது, மனந்திரும்பி ஆதியில் செய்த கிரியைகளைச் செய் என்பதுதான்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த டிசம்பரில் சபைகள் விழாப் படங்களை அனுப்பினால், உதவி வாங்குகிறவரின் முகம் தெரியும் படங்களைப் போட வேண்டாம். மறுநாள் அவருடைய பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும்.

இப்படிக்கு,
சபை உதவிக் குழுவினர்,
பாளையங்கோட்டை