கருவியை மண்டபத்தில் கொடுங்கள், இணைப்பை வீட்டில் போடுங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட ஆலயங்களின் மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

தோட்டத்துப் பெரியவர்களுக்கு புளூடூத் ரத்த அழுத்தக் கருவியும் குளுக்கோஸ் மீட்டரும் வாங்கித் தர நீங்கள் முன்வந்திருப்பது காலத்தால் செய்யும் உதவி. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம், 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). வீட்டிலேயே அளந்து எழுதி வைத்தால் கிளினிக்கில் மருந்தைச் சரிபார்ப்பது எளிது.

ஆனால் ஒரு யோசனையை மட்டும் கைவிடக் கேட்டுக்கொள்கிறோம். கொடுக்கும் நாளன்றே எல்லாக் கருவிகளையும் மண்டபத்தில் திறந்து, குழுவின் ஒரே மின்னஞ்சலில் பதிந்து, கைப்பேசியோடு இணைத்து அனுப்பிவிடலாம் என்பதே அந்த யோசனை.

ஒரே மாடல் கருவிகள் முப்பது ஒரே கூரையின் கீழ் இணைப்பு நிலையில் நின்றால், கைப்பேசியின் பட்டியலில் ஒரே பெயர் வரிசையாக வரும். பாட்டியின் கைப்பேசி அடுத்த நாற்காலித் தாத்தாவின் கருவியைப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு யாருக்கும் தெரியாது. லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, திரும்பிய பிறகுதான் வினை. புளூடூத் சாதாரணமாகப் பத்து மீட்டர் எட்டும். பலகைச் சுவர் அதைத் தடுக்காது. தாத்தா காலையில் தம் வீட்டில் அளக்கும் 168/94 பாட்டியின் கைப்பேசியில் போய் உட்காரும். கிளினிக்கில் டாக்டர் அதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவார். உண்மையில் 120 இருக்கும் பாட்டிக்குத் தலை சுற்றும். குளியலறையில் விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும்.

லயத்து வீடுகளில் நாங்கள் அஞ்சுவது வெளியாள் ஒட்டுக்கேட்பதைவிட இந்த ஆள்மாற்றத்தைத்தான். ஆனாலும் மற்றதை அடியோடு தள்ளிவிட முடியாது. கருவியும் கைப்பேசியும் முதல் தடவை சந்திக்கும் சில விநாடிகளில்தான், பிறகு அனுப்பும் அளவுகளைப் பூட்டி வைக்கும் ரகசியச் சாவி உருவாகிறது. கருவியின் திரையில் 6 இலக்க எண் தோன்றி, அதைக் கைப்பேசியில் தட்டச் சொன்னால் நல்லது. எதிரே இருப்பது இந்தக் கருவிதான் என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. எண் எதுவும் கேட்காமல், தொட்டதும் சேர்ந்துகொள்ளும் கருவிகளும் நிறைய உண்டு. அவற்றில் யாரோடு யார் சேர்ந்தார் என்று சரிபார்க்க வழியில்லை. அதனாலேயே பக்கத்தில் வேறு கருவி இல்லாத இடத்தில் இணைக்கச் சொல்கிறோம். 2014-இல் வந்த புளூடூத் 4.2 சாவி உருவாகும் முறையை வலுப்படுத்தியது. அதற்கு முந்திய முறையில், இணையும் நேரத்தில் ஒட்டுக்கேட்டவர் சாவியைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். 6 இலக்க எண்ணின் பத்து லட்சம் வாய்ப்புகள் கணினிக்கு ஒரு பொருட்டே அல்ல. பெட்டியில் 4.2 என்று போட்டிருந்தால் மட்டும் போதாது, கருவி அந்தப் புது முறையில்தான் இணைகிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். 2012 மருத்துவச் சாதனச் சட்டப்படி அது பதிவு பெற்றதா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.

அளவு காட்டும் கருவி வேறு, மருந்து செலுத்தும் கருவி வேறு. சில இன்சுலின் பம்புகளுக்கு அருகில் இருக்கும் வேற்றாளும் கம்பியில்லாமல் கட்டளையிட முடியும் என்று 2019-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே எச்சரித்தது. தோட்டத்தில் யாராவது பம்பு பயன்படுத்தினால் அதை நீங்களோ நாங்களோ தொடக்கூடாது. மருத்துவமனைதான் இணைக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது இது. முதலில் புது பேட்டரி. வலுவிழந்த பேட்டரியில் அளவு திரையில் வரும், கைப்பேசிக்கு அனுப்பும்போது அறுந்துவிடும். தயாரிப்பாளரின் செயலியை பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ மட்டும் இறக்குங்கள், புலனத்தில் (வாட்ஸ்அப்) யாரோ அனுப்பும் கோப்பு வேண்டாம். கைப்பேசியின் புளூடூத் அமைப்புக்குள் போய் இணைக்காமல் செயலிக்குள்ளிருந்தே இணையுங்கள். வெளியே இணைத்துவிட்டால் பல செயலிகளுக்குக் கருவி தென்படாது. ஆண்ட்ராய்டு 11 வரையுள்ள கைப்பேசிகள் இருப்பிட அனுமதி கேட்கும். புளூடூத் தேடலுக்கு ஆண்ட்ராய்டு வைத்த விதி அது. பயந்து மறுத்தால் கருவி பட்டியலிலேயே வராது. 'பயன்படுத்தும்போது மட்டும்' என்ற தேர்வு இருந்தால் அதைக் கொடுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனியாகக் கேட்கும்.

இணைந்ததும் ஒரு தடவை அளந்து, கருவித் திரையில் உள்ள மேல் எண், கீழ் எண், நாடித்துடிப்பு மூன்றும் செயலியில் அப்படியே வந்தனவா, தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். பேட்டரியைக் கழற்றினால் சில கருவிகளின் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். பிறகு பக்கத்து வீட்டில் அதே மாடல் இருந்தால், அங்கே ஒருமுறை அளக்கச் சொல்லி, இந்தக் கைப்பேசியில் எதுவும் விழவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தச் சோதனையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கடைசியாக, கருவியின் வரிசை எண்ணில் கடைசி நான்கு இலக்கத்தையும் பெரியவரின் பெயரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அடியில் ஒட்டுங்கள்.

"கொஞ்சம் பார்த்துத் தர்றேன்" என்று பக்கத்து வீட்டுக்காரர் கையை நீட்டுவது தோட்டத்தில் இயல்பு. மறுக்கச் சொல்லவில்லை. விருந்தினர் முறையோ இரண்டாம் பயனர் பொத்தானோ இருந்தால் அதை அழுத்திவிட்டு அளக்கட்டும். இல்லையென்றால் கைப்பேசியின் புளூடூத்தை அணைத்து அளந்து, மறுபடி இயக்குவதற்கு முன் அந்த அளவைக் கருவியின் நினைவிலிருந்தும் அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால் அடுத்த இணைப்பில் அதுவும் சேர்ந்தே போகும்.

கையில் ஒட்டும் 14 நாள் குளுக்கோஸ் சென்சரில் வேறொரு சிக்கல். சில வகைகளில் முதலில் தொட்டுத் தொடங்கி வைத்த கைப்பேசிதான் கடைசி நாள் வரை அதைப் படிக்கும். தீபாவளிக்கு வந்த பேரன் ஆசையாகத் தன் கைப்பேசியில் தொடங்கிவிட்டுக் கோலாலம்பூர் போய்விட்டால் தாத்தா கையில் இருப்பது வெறும் வில்லை. தாத்தாவின் கைப்பேசியில் தொடங்குங்கள். பேரனைச் செயலியின் பகிர்வு வழியாகச் சேருங்கள்.

கணக்கு விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஒரு பெரியவருக்கு ஒரு கணக்கு. கடவுச்சொல்லாக அடையாள அட்டை எண் வேண்டாம். பிரீபெய்ட் எண்ணில் பதிந்தால், டாப்-அப் போடாமல் அந்த எண் காலாவதியாகி வேறொருவருக்குப் போகும்போது மீட்புக் குறியீடும் அவருக்கே போகும். ஆகவே பிள்ளைகளில் ஒருவரின் மின்னஞ்சலையும் சேர்த்து வையுங்கள். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நிலை விவரத்தை உணர்திறன் மிக்க தரவு என்கிறது. அது வணிகப் பரிவர்த்தனைகளுக்கான சட்டம், ஆலயக் குழுவை நேரே கட்டாது என்று நீங்கள் சொல்லலாம். இருந்தாலும் பெரியவரிடம் தமிழில் விளக்கி, அவர் சம்மதித்த பிறகே பதியுங்கள். அளவுகளைப் படம் பிடித்துப் புலனக் குழுவில் போடவே வேண்டாம்.

பழைய கைப்பேசியை விற்கும் முன் செயலியில் கணக்கை விட்டு வெளியேறி, புளூடூத் பட்டியலிலிருந்து கருவியை நீக்கி, கைப்பேசியை முழுமையாக அழிக்க வேண்டும். பெரியவர் இறந்து கருவி வேறு கைக்குப் போகும்போது கருவியின் நினைவையும் அதிலுள்ள பழைய இணைப்பையும் அழியுங்கள்.

ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் ஆகும். இரண்டு இளைஞர்கள் ஒரு சனிக்கிழமையில் 10 வீடுகளை முடித்துவிடுவார்கள். 30 கருவிக்கு மூன்று சனிக்கிழமை. நாளைக் குறித்துச் சொல்லுங்கள், முதல் சனிக்கிழமை நாங்களும் உடன் வருகிறோம்.

அன்புடன்,
மருத்துவக் கருவிப் பராமரிப்பில் உள்ள வட்டாரத் தன்னார்வலர்கள்
சுங்கை சிப்புட், பேராக்